பெரிய பாய்மரப் படகு வாங்கியாச்சா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பாய் பிறகு. முதல் கவனம் இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீரில் இருக்கட்டும். சென்னையின் வெதுவெதுப்பான கடலில் சிப்பியும் பாசியும் சீக்கிரம் ஒட்டி, அந்த நீர் உள்ளே வரும் துளையை அடைக்கும். ஸ்டார்ட் செய்ததும் புகையோடு தண்ணீரும் விட்டுவிட்டு வெளியே கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் உடனே நிறுத்துங்கள். படகின் அடியில் கடல்நீரை உள்ளே விடும் அடிவால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டியில் பிளாஸ்டிக் சிக்கியிருக்கிறதா (வால்வை மூடிவிட்டுத் திறங்கள்), பம்ப்பில் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ் முறிந்திருக்கிறதா என்று இதே வரிசையில் பாருங்கள். முறிந்த துண்டுகளை எடுக்காவிட்டால் அவை இன்ஜின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை அடைக்கும். உதிரி இம்பெல்லர் இரண்டு படகிலேயே இருக்கட்டும். நடுக்கடலிலிருந்து பாரிமுனைக் கடைகளுக்கு ஓட முடியாது.

நங்கூரச் சங்கிலிக்குக் குறைந்தது 5 மடங்கு கணக்கு. ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து படகின் முகப்பு உயரம் 1, ஏறும் ஓதம் 1 என்றால் மொத்தம் 7; அதன் 5 மடங்காக 35 மீட்டர் விடுங்கள். ஆழத்தை மட்டும் பெருக்கினால் படகு இழுபட்டுப் போகலாம்.

செப்டம்பர் முடிவதற்குள் பாய்களைக் கழற்றிவிடுங்கள். சுருட்டிக் கட்டிய பாயும் புயற்காற்றில் அவிழ்ந்து கிழியும்.