பிரேசில் சம்பளச் சீட்டு: வரிக் கணக்கில் பலர் கோட்டைவிடும் இடங்கள்

பிரேசிலில் மாதச் சம்பளக்காரர்கள் பலர், சீட்டில் வரி பிடித்தாகிவிட்டது, அத்தோடு கணக்கு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். மாதப் பிடித்தம் வெறும் முன்பணம்தான். அடுத்த ஆண்டு மே இறுதிக்குள் ரிசெய்ட்டா ஃபெடரல் என்ற வரித்துறையிடம் தாக்கல் செய்யும்போதுதான் கணக்கு நேராகும்.

இதில் அதிகம் அடிபடுபவர்கள் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர்கள். காலையில் ஒரு பள்ளி, மாலையில் இன்னொரு பள்ளி என்று ஓடும் ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 3,000 ரியால் சம்பளம். தங்கள் பங்கை மட்டும் பார்த்து 2025-ல் இரு பள்ளிகளும் ஏறக்குறைய ஒன்றுமே பிடித்திருக்காது. ஆண்டு முடிவில் இரண்டையும் கூட்டினால் 72,000 ரியால். வேறு கழிவுகள் இல்லாவிட்டால் சுமார் 5,000 ரியால் வரி மொத்தமாக வந்து நிற்கும். 2026-லிருந்து மாதம் 5,000 ரியால் வரை வரி இல்லை என்று ஆனதும் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகிவிட்டது. 4,500 வீதம் இரண்டு சம்பளம் வாங்குபவருக்கு இரண்டு சீட்டிலும் வரி பூஜ்யம்தான். ஆனால் கூட்டுத்தொகை சலுகை வரம்பையே தாண்டிவிடும். இப்படிப்பட்டவர்கள் மாதாமாதம் தாங்களாகவே கூடுதல் வரி கட்டி வரலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஐஎன்எஸ்எஸ் என்னும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தத்துக்கும், இன்னொரு வேலை இருப்பதை இரண்டு முதலாளிகளிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு உச்சவரம்பு உண்டு. சொல்லாவிட்டால் வரம்பைத் தாண்டியும் பிடித்துவிடுவார்கள்.

ஐஎன்எஸ்எஸ் கணக்கை மனத்தில் போட்டுப் பார்ப்பவர்கள் வேறு இடத்தில் தவறுகிறார்கள். 2025 விகிதப்படி 3,000 ரியால் சம்பளம் 12% படியில் வரும். உடனே 360 ரியால் போய்விடும் என்று பயப்படுவார்கள். 12% என்பது 2,793.88-க்கு மேலே உள்ள துண்டுக்கு மட்டும்தான். முதல் 1,518-க்கு 7.5%, அடுத்த துண்டுக்கு 9%. எல்லாம் சேர்த்து 253 ரியால் சொச்சம். சம்பள உயர்வு வந்தால் கைக்கு வருவது குறைந்துவிடும் என்ற பேச்சும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். அதை நம்பி உயர்வை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

எஃப்ஜிடிஎஸ் என்பது வேலை போனால் கைகொடுக்க ஊழியர் பெயரில் சேரும் நிதி. அதற்கான 8% முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டிய பணம். சீட்டில் அது கழிக்கப்பட்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள். கழிக்காவிட்டாலும், பணம் உண்மையிலேயே கணக்கில் ஏறியதா என்று அந்த நிதியின் செயலியில் அவ்வப்போது பாருங்கள். வேலை போகிற அன்று பார்த்தால் தாமதம்.

ஆண்டு முடிவில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மாதச் சம்பளமான பதின்மூன்றாம் சம்பளத்தின் முதல் தவணை நவம்பர் 30-க்குள் பிடித்தமில்லாமல் வரும். முழுப் பிடித்தமும் டிசம்பர் தவணையில் விழும். அதே தொகை மறுபடி வரும் என்று கடன் வாங்காதீர்கள்.

அப்புறம், தாக்கல். பிள்ளையை உங்களைச் சார்ந்தவராகக் காட்டும்போது, பகுதிநேர வேலையில் அந்தப் பிள்ளை சம்பாதித்ததையும் காட்ட வேண்டும். அப்பா அம்மா தனித்தனியே தாக்கல் செய்தால் ஒரே பிள்ளையை இருவரும் காட்ட முடியாது. மருத்துவச் செலவுக் கழிவுக்கு உச்சவரம்பு கிடையாது, அதனாலேயே துறை அதைத்தான் முதலில் துருவும். ரசீது இல்லாத செலவைப் போடவே வேண்டாம், இருக்கும் ரசீதை ஐந்து ஆண்டு வைத்திருங்கள். கல்விக் கழிவு ஆளுக்கு 3,561.50 ரியால் வரைதான். ஆங்கில வகுப்பும் சீருடையும் அதில் சேராது.

தாக்கல் செய்தபின் தவறு தெரிந்தால் துறை நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே திருத்தி அனுப்பிவிடலாம். ஆனால் செலவு விவரம் இல்லாமல் ஒரு பங்கை மொத்தமாகக் கழிக்கும் எளிய கழிவா, ஒவ்வொரு செலவாகக் காட்டும் முறையா என்பதைக் கெடு தேதிக்குப் பிறகு மாற்ற முடியாது. மே மாதத்திலேயே இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.