எலி இல்லாத பெட்டியில் லீவர் அமுங்கியது

ஸ்கின்னர் பெட்டிக்குள் (லீவரை அழுத்தினால் எலிக்குத் தீனி விழும் ஆய்வுப் பெட்டி) எலியை விடுவதற்கு முன்பே கணினியில் லீவர் கணக்கு 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போனது. வயரை மாற்றினேன், லீவர் அழுத்தத்தை உணரும் மைக்ரோசுவிட்சைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்கு. அப்புறம்தான் கவனித்தேன், ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் சுவிட்ச் சேரும் பின்னை வெறும் இன்புட் என்று விட்டிருக்கிறேன்; சுவிட்ச் திறந்திருக்கும்போது 5 வோல்ட்டிலும் சேராமல் கிரவுண்டிலும் சேராமல் பின் அந்தரத்தில் தொங்க, பக்கத்து வயரின் இரைச்சலையெல்லாம் அழுத்தம் என்று எண்ணியிருக்கிறது. இன்புட் புல்அப் (பலகைக்குள்ளேயே ஒரு மின்தடை பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும்) என்று மாற்றி, சுவிட்சின் மறுமுனையைக் கிரவுண்டில் கொடுத்ததும் அடங்கியது. ஆனால் இனி எல்லாம் தலைகீழ்: அழுத்தினால் 0, விட்டால் 1. இதை மறந்து அரை நாள் போனது தனிக்கதை.

அப்படியும் தீனி விழும்போதெல்லாம் ஒரு அழுத்தம் கூடுதலாக ஏறியது. தீனி தள்ளும் 24 வோல்ட் சோலினாய்டை (மின்காந்தச் சுருள்) மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வழியாக ஓட்டினேன், மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடு போடவில்லை. சோம்பல்தான். அணைக்கும் நொடியில் சுருள் திருப்பியடிக்கிற மின்னழுத்தம் லீவர் வயரையும் உலுக்கியிருக்கிறது. சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். லீவர் வயரையும் தள்ளிப் பிரித்து இழுத்தேன். ராத்திரி முழுக்க வெறும் பெட்டியை ஓடவிட்டேன், காலையில் கணக்கு 0.