கதவில் எண் ஒட்டுவதற்கு முன் உரிப்பதை யோசியுங்கள்

கோவைக்குப் பக்கத்தில், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் ஒரு டிராக் டே, அதாவது சொந்தக் காரைத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று, நிறுத்தி வைத்திருந்த கார்களின் கதவைத் திறக்கவிடாமல் தள்ளிக்கொண்டிருந்தது. என் கார் கதவில், தளத்தில் காரை அடையாளம் காட்டும் எண்ணாக, காந்தத் தாளில் வெட்டிய 27. இரண்டாவது சுற்று முடிந்து உள்ளே வந்தபோது வலப்பக்கக் கதவில் 2 மட்டும் இருந்தது. 7ஐ மார்ஷல் (தளத்தில் கொடி காட்டும் பணியாளர்) ஒருவர் புல்லிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது இது என்ன என்று சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. கதவை விரல் கணுவால் இரண்டு இடத்தில் தட்டினார். ஒரு இடத்தில் 'டங்' என்றது, 7 இருந்த இடத்தில் 'தொப்' என்றது. "இங்கே பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள் தம்பி. காந்தம் எதைப் பிடிக்கும்?" என்றார்.

பழைய கார் வாங்குகிறவர்கள் சட்டைப் பையில் காந்தத் துண்டு வைத்துக்கொண்டு போவது இதற்காகத்தான். அடிபட்ட இடத்தில் டிங்கரிங் செய்து, பள்ளத்தைப் பட்டி என்ற இரும்பில்லாத பூச்சால் நிரப்பிப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே காந்தம் நழுவும். கார் வாங்கிய அன்று செய்யத் தவறிய சோதனையை, நான்கு ஆண்டு கழித்து எனக்காக அந்த 7 செய்து கொடுத்தது.

கழற்றக்கூடிய எண்ணா, நிரந்தர எண்ணா என்பதைப் பெரும்பாலோர் அழகையும் விலையையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். நான் கேட்பது இரண்டே கேள்வி. வருடத்தில் எத்தனை நாள் அந்த எண் காரில் இருக்கப்போகிறது? உரிக்கும் நாளில் அடியில் உள்ள பெயிண்ட் அதைத் தாங்குமா? என் கார் திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாக வருடத்துக்கு நான்கு முறை பந்தயத் தளத்துக்குப் போகிறது. மற்ற நாட்களில் மளிகைக்கும் பள்ளிக்கும் போகிறது. நான்கு நாளுக்காக மற்ற நாளெல்லாம் எண்ணைச் சுமக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

அதனால் காந்தத் தாளையே எடுத்தேன், அதில் செய்யக்கூடிய தவறுகளை எல்லாம் செய்தேன். முதல் தவறு, எல்லாக் காரும் இரும்பு என்று நினைப்பது. அலுமினிய பானெட், பிளாஸ்டிக் பம்பர், ஃபைபர் உடல் எதிலும் காந்தம் நிற்காது. தனி இருக்கைப் பந்தயக் கார்காரர்களுக்கு இந்த வழியே இல்லை. இரண்டாவது, வளைவின்மேல் ஒட்டுவது. கதவின் நடுவே ஓடும் மடிப்புக் கோட்டின்மேல் தாளை வைத்தால், மடிப்புக்கு மேலும் கீழும் மெல்லிய இடைவெளி விழும். அந்த இடைவெளியில் காற்று நுழைந்துவிட்டால் போதும். வேகம் இரட்டிப்பானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். பல்லடம் சாலையில் 60 கிலோமீட்டரில் அசையாமல் வந்த தாள், தளத்தில் 120ஐத் தொடும்போது பறப்பதற்கு வேறு காரணம் வேண்டாம். பறந்த தாள் பின்னால் வருகிறவரின் முன்கண்ணாடியில் போய் ஒட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முன்விளிம்பு முழுவதும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது தவறு கோவைக்காரர்களுக்கே உரியது. வார்ப்படச் சாலையும் லேத் பட்டறையும் பம்பு மோட்டார் கம்பெனியும் நிறைந்த ஊரில் தெருப் புழுதியிலும் இரும்புத் தூள் இருக்கும். காந்தத் தாளைப் பட்டறை மேசைமேல் ஒரு நிமிடம் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். பின்புறம் பூனை மீசை போல முடி முளைத்திருக்கும். அதைத் துடைக்காமல் கதவில் வைத்து, நேராக இல்லையே என்று இரண்டு அங்குலம் இழுத்துச் சரிசெய்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். வைத்த தாளை இழுக்காதீர்கள், எடுத்துத்தான் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஈரமில்லாமல் துடைத்த பிறகே வைக்க வேண்டும். மாலையில் கழற்றிவிட வேண்டும். வாரக்கணக்கில் விட்டால் அடியில் ஈரம் தங்கும், சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் வெளிற, அடியில் இருப்பது வெளிறாமல் இருக்கும். கழற்றியதைச் சுருட்டி டிக்கியில் போட்டால் அடுத்த முறை விளிம்பு எழும்பிக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் பக்கவாட்டில்தான் 27 குடியிருக்கிறது. மின்கட்டண ரசீதுகளை 7க்கு அடியில் செருகி வைப்பது என் மனைவியின் ஏற்பாடு.

ஒரே ஒரு நாள் போகிறவர்களுக்கு இத்தனையும் வேண்டாம். மாஸ்கிங் டேப்பைக் கிழித்தே எண் எழுதிவிடலாம். கால்குலேட்டரில் வருவது போல 8 போட்டுக்கொண்டால், வேண்டாத கோட்டை உரித்து 0, 3, 6, 9 எதையும் ஆக்கலாம். வீடு வந்ததும் உரித்துவிடுங்கள். வெயிலில் நாலு நாள் காய்ந்த டேப் நகக்கண் அளவு துண்டுகளாகத்தான் வரும்.

இனி வினைல் ஸ்டிக்கர். கடையில் 'ரிமூவபிள்' என்று சொல்வார்கள், அந்தச் சொல்லுக்கு ஆயுள் உண்டு என்பதைச் சொல்லமாட்டார்கள். அந்த வகைப் பசை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதற்குமேல் விட்டால் தாள் கையோடு வரும், பசை கதவோடு இருக்கும். திறந்தவெளியில் சித்திரை வெயில் குடிக்கும் காருக்கு அந்தக் கெடு இன்னும் குறையும். வினைலிலும் இரண்டு சாதி. ஒன்று உருளைகளுக்கு இடையே நசுக்கி நீட்டிச் செய்வது. நீட்டப்பட்ட பொருள் என்பதால் வெப்பம் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். எண்ணைச் சுற்றிக் கறுப்பாக அழுக்குக் கோடு பார்த்திருப்பீர்கள், சுருங்கிய தாள் விட்டுப்போன பசையில் புழுதி படிந்த கோடு அது. மற்றது திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்வது. அதில் இழுவிசை இல்லை, மெல்லியது, கதவின் வளைவுக்கு அடங்கும், விலையும் அதிகம். ஒரு பந்தயப் பருவம் முழுக்க எண் காரிலேயே இருக்குமென்றால் இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

பெயிண்டின் வயது இதைவிட முக்கியம். கம்பெனியில் அடித்து உலையில் சுட்ட பெயிண்டிலிருந்து ஸ்டிக்கரை எடுப்பது எளிது. பட்டறையில் பட்டி வைத்து மறுபூச்சு அடித்த இடத்தில் ஒட்டிவிட்டு உரித்தால் எண்ணோடு பெயிண்டும் வரக்கூடும். புதிதாகப் பெயிண்ட் அடித்த காரென்றால் சில வாரமாவது பொறுங்கள். கரைப்பான் ஆவி வெளியேறி முடிவதற்குள் மூடினால் கொப்புளம் விழும்.

ஒட்டும் இடத்தில் மெழுகோ, சிலிக்கான் கலந்த பாலிஷோ இருக்கக் கூடாது. ஷாம்பு போட்டுக் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். பளபளப்பாக வந்து நின்ற காரில் மதியத்துக்குள் எண் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது ஒரு கீறல். ஒருமுறை ஸ்டிக்கர் கடையில் எண்ணின் பின்னணியாக வெள்ளைச் சதுரம் ஒட்டச் சொன்னேன். பையன் பெரிய தாளைக் கதவில் ஒட்டிவிட்டு, கதவின்மேலேயே பிளேடு வைத்து நான்கு பக்கமும் வெட்டினான். நேர்த்தியான வெட்டு, நானும் பாராட்டினேன். ஆறு மாதம் கழித்து உரித்தபோது சிவப்புக் கதவில் வெள்ளைப் பென்சிலால் சதுரம் வரைந்தது போல இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் அதன் கீழ் மூலை பழுப்பேறியது. வெட்டுவது மேசையில் நடக்க வேண்டிய வேலை. பிளேடைக் காரின் பக்கத்தில் வரவிடாதீர்கள்.

உரிக்கும்போது ஹேர் டிரையரால் சூடுபடுத்துங்கள், கை வைத்தால் பொறுக்கும் சூடு போதும். மூலையைக் கிளப்பி, தாளை அதன்மேலேயே மடக்கி, மெதுவாக இழுங்கள். மிஞ்சிய பசைமேல் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டால் இளகும். பொள்ளாச்சிப் பக்கம் இருந்துகொண்டு இதற்குத் தனிப் புட்டி வாங்குவானேன்? தின்னரை மட்டும் எடுக்காதீர்கள், மறுபூச்சுப் பெயிண்டை அது கரைத்துவிடும்.

நிரந்தர எண் யாருக்கு? பந்தயத்துக்கென்றே வைத்திருக்கும் கார், லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற கார், பருவம் முழுக்க ஒரே எண் என்று அமைப்பாளர் எழுதிக் கொடுத்த கார். இந்தக் கடைசி நிபந்தனையை விட்டுவிட்டு ராசி எண்ணை ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அமைப்பாளர் வேறு எண் கொடுத்தால், அல்லது அதே எண்ணோடு இன்னொருவர் வந்து நின்றால், பந்தயத்துக்கு முன் காரைச் சோதிக்கும் வரிசையில் நின்று நகத்தால் சுரண்ட வேண்டியதுதான். ஃபார்முலா ஒன் ஓட்டிய கோவைக்காரரான நரேன் கார்த்திகேயனின் எண், 2005இல் ஜோர்டான் அணிக் காரில் 19. எச்.ஆர்.டி. அணியில் 2011இல் 22, அடுத்த ஆண்டு அதே அணியில் 23. ஃபார்முலா ஒன்னிலேயே ஓட்டுநருக்கென்று நிலையான எண் வந்தது 2014இல்தான். நமக்கென்ன அவசரம்?

எதில் ஒட்டினாலும் எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஓட்டுநரை உள்ளே அழைக்கும் கறுப்புக் கொடியைக் காட்டும்போது பக்கத்தில் உங்கள் எண்ணைப் பலகையில் காட்டுவார்கள். நடுவில் ஆரஞ்சு வட்டம் உள்ள கறுப்புக் கொடி என்றால் உங்கள் காரில் கோளாறு என்று பொருள். உங்கள் கார் ஆயில் ஒழுக்கிக்கொண்டு ஓடும்போது மார்ஷலால் அந்த எண்ணைப் படிக்க முடியாவிட்டால் செய்தி உங்களுக்கு வராது. சாய்ந்த எழுத்து, வெள்ளிக் காரில் சாம்பல் எண், உள்ளே வெறுமையாக விட்ட வெளிக்கோட்டு எண் எல்லாம் புகைப்படத்துக்குத்தான் ஆகும். அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் பந்தயச் சங்கம், கூம்புகளுக்கு இடையே ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டிக்கு வைத்திருக்கும் விதி குறைந்தது 8 அங்குல உயரமும் 1.25 அங்குலக் கோட்டுத் தடிமனும் கேட்கிறது. உங்கள் அமைப்பாளரின் அளவு வேறாக இருக்கலாம், கேட்டுவிட்டு வெட்டக் கொடுங்கள். இரண்டு கதவிலும் ஒட்டுங்கள். கைப்பிடி எண்ணின் நடுவில் வந்தால் 3 எது, 8 எது என்று தூரத்திலிருந்து தெரியாது.

பெயிண்டுக்குப் பயந்து பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டுகிறவர்களும் உண்டு. தளத்துக்குள் நல்ல யோசனைதான், பசையில்லாமல் நிற்கும் கண்ணாடி ஸ்டிக்கரையோ வெள்ளை ஷூ பாலிஷையோகூட உள்பக்கத்தில் பயன்படுத்தலாம். சாலைக்கு வந்தால் மோட்டார் வாகன விதி நிற்கிறது: பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும், முன்னும் பின்னும் 70 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் நான் செய்யும் முதல் வேலை ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைப்பது. தேநீர் அதற்குப் பிறகு.