வீதியில் வாகனம் மோதினால்: மட்டக்களப்பு, அம்பாறைக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்து தங்குகிறவர்கள் பல வகை. இங்கே கலியாணம் கட்டி வந்தவர்கள், பாசிக்குடா ஹோட்டல்களுக்கு வேலைக்கு வந்தவர்கள், வியாபாரத்துக்கு வந்தவர்கள், அப்புறம் மண்டபம், கொட்டப்பட்டு அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்து பெற்றோரின் ஊருக்கு முதன்முதலாக வருகிற பிள்ளைகள். விசா, அடையாள அட்டை, பள்ளிக்கூட அனுமதி பற்றியெல்லாம் வந்த கையோடு விசாரிக்கிறார்கள். நடந்து போகும்போது வாகனம் அடித்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. அடிபட்டு ஆறு மாதம் கழித்து வந்து கேட்கிறார்கள். அதற்குள் கையில் இருந்திருக்க வேண்டிய பாதி ஆவணம் கிடைக்காமல் போயிருக்கும்.

ஒரு வித்தியாசத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் விபத்து இழப்பீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. இலங்கையில் அப்படி ஒன்று கிடையாது. நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களே வழக்குப் போட வேண்டும். சாரதி கவனயீனமாக ஓட்டினார் என்பதையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். அதற்கும் இரண்டு வருடம்தான் அவகாசம். 1871ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அது. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கடந்துவிட்டால் கால் போயிருந்தாலும் வழக்கு நிற்காது.

எங்கள் வீதிகளைப் பற்றிக் கொஞ்சம். பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி வழியாக மட்டக்களப்புக்கு வருவது ஏ4 நெடுஞ்சாலை. பெயர்தான் நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் வீடு, கடை, கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று ஊருக்கு ஊர் இடைவெளியில்லாமல் ஒட்டிக் கிடக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டினால் அடுத்த அடி தார் வீதி. பெரும்போக அறுவடை நேரத்தில் வீதியின் ஒரு கரையில் நெல் காயும், இன்னொரு கரையில் உழவு மெஷினும் அது இழுக்கிற பெட்டியும் பின்லைட் இல்லாமல் நிற்கும், நடக்கிறவர் நடுவீதிக்கு வந்தே ஆக வேண்டும். கதிர்காம யாத்திரைக் காலத்தில் விடியுமுன்னரே கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். இருட்டில் நடந்தால் வெள்ளை உடுப்பும் கையில் ஒரு டோர்ச்சும் இருக்கட்டும். நடைபாதை இல்லாத இடத்தில் வலது கரையால், வருகிற வாகனத்தைப் பார்த்தபடி நடவுங்கள். இது பாதுகாப்புக்கு மட்டும் சொல்வதல்ல. பிறகு வழக்கில் "இவர் எந்தப் பக்கத்தால் நடந்தார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பாதசாரிக் கடவையில், வீதியைக் கடக்கக் கோடு போட்ட இடத்தில், கால் வைத்தால் இங்கே பெரும்பாலும் வாகனம் நிற்கும். ஊரில் பழக்கமில்லாதவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் நின்றது பஸ் என்றால், அதன் மறைவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் முந்திக்கொண்டு வரும். பஸ் சாரதி கையைக் காட்டி "போங்க" என்றாலும் அவருடைய கை மற்ற வாகனத்துக்குப் பொறுப்பில்லை. எட்டிப் பார்த்துவிட்டுக் கடவுங்கள். கடவையில் வைத்து அடிபட்டால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும். கடவை பக்கத்தில் இருக்க வேறு இடத்தால் குறுக்கே போய் அடிபட்டால், தவறில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும்.

அடிபட்ட நேரத்தில்

அம்புலன்சுக்கு 1990. சுவசெரிய சேவை அது, காசு கிடையாது, தமிழில் பேசலாம். பொலிசுக்கு 119. சாரதி வாகனத்தை நிறுத்த வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். மூன்றும் சட்டக் கடமை. சில சாரதிகள் கூட்டம் அடித்துவிடும் என்ற பயத்தில் நேரே பொலிஸ் நிலையத்துக்கு ஓடிப்போய் நிற்பதும் உண்டு. கூட்டம் கூடி அடிப்பதால் உங்களுக்கு ஒரு சதம் பிரயோசனமில்லை. அடித்தவர்களுக்கு எதிராக இன்னொரு வழக்கு வந்து, உங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்களே எதிரிக் கூண்டில் நிற்பார்கள்.

உங்களால் முடியாவிட்டால் பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இலக்கத் தகடு, வாகனம் நின்ற இடம், டயர் இழுபட்ட தடம், கடவை தெரிகிற மாதிரி ஒரு படம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் (வாகன வரி கட்டியதற்கான தாள்) காப்புறுதி அட்டையையும் கிட்டப் பிடித்து எடுக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்தின் பெயரும் இலக்கமும் அதில்தான் இருக்கும். பார்த்தவர் இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். பக்கத்துக் கடையில் சிசிடிவி இருந்தால் அன்றைக்கே முதலாளியிடம் கேளுங்கள், நாள் போனால் பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும்.

வைத்தியசாலையில் சேர்க்கும்போது "வாகனம் மோதியது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் மாற்றினால் அந்த முதல் வரி கடைசி வரைக்கும் துரத்தும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் பொலிஸ் காவலரண் இருக்கிறது, அங்கே பதிவு விழும். பொலிசார் ஒரு சட்ட வைத்தியப் படிவம் தருவார்கள். அதை வைத்துச் சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பார்த்து, காயம் சாதாரணமா பாரதூரமா என்று எழுதுவார். வழக்கின் எலும்பு அந்தத் தாள்தான். அவர் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். வெளியேறும்போது தருகிற நோய் நிர்ணய அட்டையை, இங்கே எல்லோரும் டயக்னோசிஸ் கார்ட் என்பார்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, மருந்துக்கடைப் பற்றுச்சீட்டு, ஓட்டோவுக்குக் கொடுத்த காசு எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு.

பொலிசில்

முறைப்பாடு கொடுக்க அடையாள அட்டை கட்டாயம் இல்லை. முகாமிலிருந்து வந்து இன்னும் அட்டை எடுக்காதவர்கள் இதற்குப் பயந்து ஒதுங்குகிறார்கள், தேவையில்லை. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, கிழக்கு மாகாணத்தில் நிர்வாக மொழியும் கூட. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் கடமையில் இல்லை, சிங்களத்தில் எழுதுகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று சில நேரம் சொல்வார்கள். வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழ் உத்தியோகத்தர் வரும்வரை இருக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் யாராவது வருவார். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்குங்கள். பிறகு அதன் உறுதிப்படுத்திய பிரதி கேட்க அந்த இலக்கம்தான் வேண்டும். முறைப்பாட்டையே ஏற்க மறுத்தால் மேலதிகாரியிடம் போகலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு.

இனி முக்கியமான இடம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சாரதியின் வீட்டார் வார்டுக்கு வருவார்கள். கையில் ஹோர்லிக்ஸ் போத்தல், அப்பிள், செவ்விளநீர். கூட ஒரு பெரியவர், கோயில் தர்மகர்த்தாவோ பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ளவரோ. "தம்பி, பொடியன் தெரியாமப் பண்ணிட்டான். எங்கட பிள்ளைதானே. கோடு கச்சேரி எண்டு அலைய வேணாம், ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நாங்க பாக்கிறம்." நல்ல மனதோடு வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அரசாங்க வைத்தியசாலையில் இந்த நாட்டுக் குடிமக்களுக்குச் சிகிச்சை இலவசம், ஆகவே அவர்கள் பார்க்கிறோம் என்று சொன்ன செலவு அங்கே பெரிதாக இருக்காது. உண்மையான செலவு வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கும்: வேலைக்குப் போக முடியாத மாதங்கள், தனியாரில் எடுக்கும் ஸ்கேன், பிசியோதெரபி, முழங்கால் மடங்காமல் போனால் வாழ்நாள் முழுக்கக் குறையும் உழைப்பு. அது எவ்வளவு என்று மூன்றாம் நாள் டொக்டருக்கே தெரியாது.

வந்தவர்களை முகத்தில் அடித்தாற்போல் அனுப்ப வேண்டாம். ஊர் சின்னது, நாளைக்குச் சந்தையில் பார்க்க வேண்டிய முகங்கள். பழத்தை வாங்குங்கள், காசு தந்தால் அதையும் வாங்கலாம். ஆனால் கொடுக்கிற பற்றுச்சீட்டில் "இதுவரை ஏற்பட்ட செலவுக்காக, எனது மேலதிக உரிமைகளுக்குப் பாதிப்பில்லாமல்" என்று எழுதுங்கள். "இனிமேல் எந்த நட்டஈடும் கோரமாட்டேன்" என்று எழுதிய தாளில், அது பொலிஸ் நிலையத்தில் வைத்து நீட்டப்பட்டாலும், சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

பொலிஸ் போட்ட வழக்கு உங்கள் வழக்கல்ல

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பொலிசார் நீதவான் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் போடுவது சாரதிக்குத் தண்டனை கேட்கிற வழக்கு. அதில் நீங்கள் வெறும் சாட்சி. மரணம் நடந்திருந்தால் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. காயம் என்றால் பல நேரம் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தத் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. குற்றவாளியாகக் கண்டவரை நட்டஈடு கொடுக்கச் சொல்லி நீதவான் உத்தரவிடலாம். அதைக் கேட்கச் சொல்லிப் பொலிசாரிடமும் உங்கள் சட்டத்தரணியிடமும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். கிடைத்தாலும் முழு இழப்புக்கு அது காணாது. "கேஸ் நடக்குது, முடியட்டும்" என்று நீதவான் நீதிமன்றத் தவணைகளை (வழக்கு எடுக்கும் நாட்களை) எண்ணிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு வருடம் சத்தமில்லாமல் ஓடிவிடும்.

மாவட்ட நீதிமன்ற வழக்கில் கேட்கக்கூடியவை: வைத்தியச் செலவு, இழந்த சம்பளம், இனி இழக்கப்போகும் உழைப்பு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. இறந்துவிட்டால் அவருடைய உழைப்பில் வாழ்ந்த மனைவி, கணவன், பிள்ளைகள், பெற்றோர் இழந்த ஆதரவுக்காகக் கேட்கலாம், இறுதிச் சடங்குச் செலவும் கேட்கலாம். துக்கத்துக்குத் தொகை கிடையாது. ஒரு குழந்தை இறந்த மருத்துவக் கவனயீன வழக்கில், 2001இல், நாட்டின் தலைமை நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. உழைக்காத பிள்ளையை வீதியில் பறிகொடுத்த தாய்க்கு இந்தச் சட்டம் கொடுப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மாற்ற வேண்டிய சட்டம் என்பது என் எண்ணம், ஆனால் இன்றைக்கு நிலை இதுதான்.

உங்கள் மீதும் தவறு இருந்தால் வழக்கு அடியோடு போய்விடுமா? இல்லை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தவறைப் பங்கு போட்டு, உங்கள் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தருவார்கள். "நானும் பார்க்காமல்தான் கடந்தேன்" என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

யார் மீது வழக்கு? சாரதி மீது, அவர் முதலாளிக்காக ஓட்டியிருந்தால் உரிமையாளர் மீதும். இங்கே "ஓப்பன் பேப்பர்" வாகனங்கள் ஏராளம்: விற்று மூன்று கை மாறியிருக்கும், பதிவில் முதல் ஆளின் பெயரே கிடக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் பெயரை எடுத்துவிட்டு, விபத்தன்று வாகனத்தை வைத்திருந்தவர் யார் என்பதையும் விசாரியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எல்லா வாகனத்துக்கும் கட்டாயம். தீர்ப்பு வந்தால் அந்தத் தொகையைக் கட்ட வேண்டியது காப்புறுதி நிறுவனம், ஆனால் வழக்குப் போடுவதை உரிய நேரத்தில் அவர்களுக்கு எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் கையில் தீர்ப்பு இருக்கும், கட்டுவதற்கு வசதியில்லாத ஓர் ஓட்டோக்காரர் மட்டும் எதிரில் இருப்பார். இராணுவ வாகனம், திணைக்கள வாகனம் என்றால் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பிறகே வழக்குத் தாக்கல் செய்யலாம், அந்த மாதத்தையும் இரண்டு வருடக் கணக்குக்குள் அடக்கிப் பாருங்கள்.

அடித்துவிட்டு ஓடிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபைக்கு விண்ணப்பிக்கலாம். அடையாளம் தெரியாத வாகனத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு நிதி இருக்கிறது. அதற்கும் பொலிஸ் அறிக்கையும் வைத்தியச் சான்றும்தான் கேட்பார்கள், ஆகவே "ஓடிட்டான், இனி என்ன" என்று முறைப்பாடு போடாமல் விடக்கூடாது.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், மட்டக்களப்பிலும் அலுவலகம் இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து எடுப்பார்கள். கிராம சேவகரிடம் வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். தனிச் சட்டத்தரணி என்றால் முழு வழக்குக்கு எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். மாவட்ட நீதிமன்ற வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், தவணைக் காசுதான் ஆளைத் தின்னும்.

வேலைக்கு வந்தவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பட்ட பிறகு, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து அதற்குள் வருகிறது. அது முதலாளியிடம் கேட்கிற தனி உரிமை. விசா முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தால், கிளம்புவதற்கு முன் இங்கே நம்பிக்கையான ஒருவருக்கு நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் அற்றோணித் தத்துவம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுங்கள். அவர் உங்கள் சார்பில் வழக்கைப் பார்த்துக்கொள்வார், சாட்சி சொல்ல வேண்டிய தவணைக்கு மட்டும் நீங்கள் வந்து போனால் போதும்.