ஹாஃப் கார்டில் அக்குள் யாருக்கு? அண்டர்ஹுக் முதல் பாடம்

மே மாதம், ஏசி இல்லாத ஹால், சென்னைப் புழுக்கம். பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (தரையில் பிடித்து மல்லுக்கட்டும் கலை) பயிற்சியில் கொஞ்ச நேரம் உருண்டாலே மணிக்கட்டு, கணுக்கால் எதுவும் பிடியில் நிற்காது. கி (பயிற்சி அங்கி) போட்டிருந்தால் துணியைப் பிடிக்கலாம். நோ-கியில் அதுவும் இல்லை. அண்டர்ஹுக் விரல் பலத்தை நம்பியதல்ல என்பதால், நம்ம ஊரில் ஆரம்பிப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லித்தருவேன்.

கீழே கிடப்பவர் மேலே இருப்பவரின் ஒரு காலைத் தன் கால்களுக்கு நடுவே சிக்கவைத்திருக்கும் நிலைதான் ஹாஃப் கார்ட். எதிராளியின் அக்குளுக்கு அடியில் கையை விட்டு, உள்ளங்கையை அவர் முதுகில் தோள் எலும்பின் மேல் பதிப்பதுதான் அண்டர்ஹுக். முழங்கை உங்கள் விலாவை விட்டு விலகக் கூடாது.

முதலில் இருவரும் முட்டியிட்டு, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிக் கை நுழைத்துப் பழகுங்கள். ஆளுக்கு ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. வெளியே உள்ள கையை அவர் கைக்கும் விலாவுக்கும் நடுவே செருகுங்கள். அவரும் அதையே செய்வார். பம்மலிங் என்பது இதுதான். போரடிக்கும், ஆனால் தவிர்க்காதீர்கள்.

கீழிருந்து ஸ்வீப்

கீழிருந்து அவரைப் புரட்டி மேலே வருவதுதான் ஸ்வீப். அவருடைய வலது கால் உங்கள் கால்களுக்கு நடுவே சிக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. மல்லாந்து கிடக்காதீர்கள். வலது இடுப்பில் ஒருக்களித்து, அவரைப் பார்த்துத் திரும்புங்கள்.

2. இடது கையை அவருடைய வலது அக்குளுக்கு அடியில் விடுங்கள். அவருடைய இடது கை உங்கள் முகத்தைத் திருப்ப வரும். வலது கையால் அதைத் தடுங்கள்.

3. காதை அவர் நெஞ்சில் ஒட்டுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். தலை விலகி, கை நீண்டுபோனால் டார்ஸ் சோக் (கையால் கழுத்தை நெரிக்கும் பிடி) விழும். கழுத்து இறுகினால் யோசிக்காமல் டேப் செய்யுங்கள், அதாவது அவரைத் தட்டி விடச் சொல்லுங்கள்.

4. வலது முழங்கையை ஊன்றி, அப்புறம் உள்ளங்கையை ஊன்றி, முட்டிக்கு வாருங்கள். சிக்கிய காலை விடாதீர்கள். அவர் உங்கள் இடது கையை மேலிருந்து சுற்றி அமுக்குவார், அதுதான் விஸ்ஸர்.

5. வலது கையால் அவருடைய இடது முழங்காலை மறித்துப் பிடித்து, நெஞ்சால் அந்தப் பக்கம் தள்ளுங்கள். ஊன்ற கால் இல்லாமல் சாய்வார். மேலே வந்து 3 வினாடி நிலைத்தால் ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி 2 புள்ளி.

மேலிருந்து பாஸ்

சரி, இப்போது நீங்கள் மேலே, சிக்கியிருப்பது உங்கள் வலது கால். அவர் கால்களைத் தாண்டி அவர் பக்கவாட்டுக்குப் போவதுதான் பாஸ். சண்டை அதே பக்க அக்குளுக்குத்தான்: உங்கள் வலது கை அவருடைய இடது அக்குளுக்கு அடியில் முதலில் போக வேண்டும். அவர் கை முந்திவிட்டால் பாஸை மறந்துவிட்டு முதலில் அக்குளை மீட்டெடுங்கள்.

இடது கையை அவர் தலைக்கு அடியில் விட்டு, தோளால் தாடையை அழுத்துங்கள். அவர் முகம் மறுபக்கம் திரும்பினால் உடம்பும் மல்லாந்துவிடும். அவசரப்படாமல் எடையை அங்கேயே போடுங்கள். பிறகு வலது முழங்காலை அவருடைய வலது தொடைக்குக் குறுக்கே மேட் வரை சறுக்குங்கள். முழங்கால் வெளியே வந்தும் கணுக்கால் மாட்டிக்கொள்ளும். இடது பாதத்தால் அவர் காலைத் தள்ளி உருவிக்கொள்ளுங்கள்.

கால் வந்ததுமே அண்டர்ஹுக்கை விட்டுவிடாதீர்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பி முட்டிக்கு எழாமல் தடுப்பது அந்தக் கைதான். 3 வினாடி அமுக்கிப் பிடித்தால் பாஸுக்கு 3 புள்ளி.