லாட்ஜுக்கு ஒரு சாஃப்ட்வேர் காப்பி எடுக்காதீர்கள்: சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் இப்போது அங்கங்கே கண்ணில் படுகின்றன. ராமேஸ்வரம் லாட்ஜுகளுக்கு பில்லிங், மீன் கம்பெனிக்குக் கொள்முதல் கணக்கு, ஐஸ் கம்பெனிக்கு பாக்கிக் கணக்கு, விசைப்படகு ஓனருக்கு டீசல் கணக்கு என்று நல்ல வேலைகள்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தம்பி தங்கச்சிகளோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது, ஏனென்றால் நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறுகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில், இவர்களும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கோடில் (அதாவது புரோகிராமில்) செய்த மாற்றங்களையெல்லாம் பதிவு செய்து வைக்கும் கிட் பயன்படுத்துங்கள், பாஸ்வேர்டை கோடுக்குள் எழுதி வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதற்குள் நான் போகவில்லை. தெரிந்தும் மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறு.

டூல் வாங்கினால் ஒழுங்கு வந்துவிடும் என்று நம்புவது

வராது. யார் எந்த வேலை பார்க்கிறார் என்று எழுத, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை போதும்.

பெரிய கம்பெனியின் பழக்கத்தை அப்படியே கொண்டுவருவது

சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒருவர் வந்து சேர்ந்ததும், அங்கே நிரப்பிய அத்தனை படிவங்களும் இங்கேயும் வந்துவிடும். மென்பொருள் கம்பெனி எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்று மதிப்பிடும் சிஎம்எம்ஐ என்கிற முறையின் வேரைப் பாருங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தனக்கு மென்பொருள் செய்துதரும் ஒப்பந்தக்காரர்களை எடைபோடுவதற்காக கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் வளர்ந்தது அது. ஐந்து பேர் உள்ள இடத்துக்கு அதன் எடை தாங்காது. எழுதி வைத்த முறைதான் வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 29110 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது, 25 பேர் வரை உள்ள சிறிய அமைப்புகளுக்கென்றே உருவாக்கியது. அதன் அடிப்படை நிலையில் இருப்பது இரண்டே பகுதி: வேலையைத் திட்டமிட்டு நடத்துவது, மென்பொருளைச் செய்து முடிப்பது. அதையும் முழுக்கப் பின்பற்றச் சொல்லவில்லை, உங்களுக்கு எது கைகொடுக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு காப்பி

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

எப்படி ஆரம்பிக்கும் என்று சொல்கிறேன். ராமேஸ்வரத்தில் கோயில் பக்கம் ஒரு லாட்ஜுக்கு பில்லிங் செய்து தருகிறீர்கள், நன்றாக ஓடுகிறது. அதைப் பார்த்து பக்கத்து லாட்ஜ் ஓனர் கூப்பிடுகிறார். "தம்பி, அதே சாப்ட்வேர்தான் வேணும், ஆனா நம்மகிட்ட செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கு." முதல் லாட்ஜில் மதியம் 12 மணிக் கணக்கு. மொத்த ஃபோல்டரையும் காப்பி எடுத்து, புதுப் பெயர் வைத்து, அந்த நேரக் கணக்கை மட்டும் மாற்றி அன்று சாயங்காலமே போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். ஓனருக்குச் சந்தோஷம், உங்களுக்கும் கையில் பணம். மூன்றாவது லாட்ஜில் பஸ்ஸில் வருகிற யாத்திரைக் கூட்டத்தோடு வரும் டிரைவர்களுக்குத் தனி ரூம், அது பில்லில் தனி வரியாக வர வேண்டும். இன்னொரு காப்பி. நாலாவது இடத்தில் எக்ஸ்ட்ரா பெட்டுக்கு வேறு கணக்கு. மறுபடியும் காப்பி.

இதைச் செய்கிறவர்களைச் சோம்பேறி என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அதுதான் குறுக்கு வழி, அன்றைக்கு அது ஒழுங்காகவும் வேலை செய்கிறது, அதனால்தான் ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒரு சின்ன கம்பெனியில் இப்படியே முப்பது லாட்ஜுக்கு மேல் போய்விட்டது. முப்பது ஃபோல்டர், முப்பதும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றுகூட இன்னொன்றைப் போல இருக்காது. "இந்தத் தப்பைப் போன மாசம்தானே சரி பண்ணினேன்" என்று ஒருவர் புலம்புவார், சரிசெய்தது வேறு லாட்ஜின் காப்பியில் என்பது அப்புறம்தான் தெரியும்.

சரி, 2025 செப்டம்பருக்கு வருவோம். அந்த மாதம் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் வரி விகிதங்களை மாற்ற முடிவு செய்தது, 22-ம் தேதியிலிருந்து நடைமுறை. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆனது, கூடவே உள்ளீட்டு வரி வரவு (லாட்ஜ் தான் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்ற நிபந்தனை. கையில் இருந்தது மூன்று வாரம்கூட இல்லை. புது வரி வருவதற்கு முந்தின நாள், செப்டம்பர் 21, மகாளய அமாவாசை. அக்னி தீர்த்தத்தில் நீராடித் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டத்தில் ராமேஸ்வரத்தில் லாட்ஜுகள் நிரம்பி வழியும் நாள். 21-ம் தேதி அறை எடுத்து 22-ம் தேதி காலி செய்கிறவர்கள், முன்பணம் ஆகஸ்டிலேயே கட்டியவர்கள், மொத்த பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே பில் கேட்கிறவர்கள் என்று எல்லா வகைச் சிக்கலும் ஒரே ராத்திரியில்.

அந்தக் கம்பெனிப் பசங்க இரண்டு பேர் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்தே இன்னொரு கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கில் ஒவ்வொரு லாட்ஜாக உள்ளே போய், 12 என்று எழுதிய இடத்தையெல்லாம் தேடித்தேடி 5 ஆக்கிக்கொண்டிருந்தார்கள். சில காப்பிகளில் அது ஒரே இடத்தில் இருந்தது. சிலவற்றில் அறை வாடகைக்கு ஒரு இடம், எக்ஸ்ட்ரா பெட்டுக்கு ஒரு இடம், பில்லை மறுபடி அச்சிடுகிற பக்கத்தில் இன்னொரு இடம். ஒரு லாட்ஜில் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு ஜூலை மாதப் பழைய பில்லை எடுத்தால் அதுவும் 5 சதவீதம் காட்டியது, ஏனென்றால் வரியை பில்லோடு சேமித்து வைக்காமல் அச்சிடும்போது கணக்குப் போடுகிற மாதிரி எழுதியிருந்தார்கள். இன்னொரு லாட்ஜ் அவர்கள் பட்டியலிலேயே இல்லை. அங்கே இரண்டு வாரத்துக்கு மேல் 12 சதவீதமே போய்க்கொண்டிருந்தது, கணக்கு தாக்கல் நேரத்தில் ஆடிட்டர்தான் கண்டுபிடித்தார். வரி என்று சொல்லி வாங்கிய பணத்தை அரசுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும், லாட்ஜ் ஓனர் வைத்துக்கொள்ள முடியாது. அந்த ஓனர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "காசிக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தவங்ககிட்ட நான் எப்படித் தம்பி பணத்தைத் திருப்பிக் குடுப்பேன்?"

இது அடிக்கடி நடக்காத விஷயம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2022 ஜூலை 18-ம் தேதிதான், அதுவரை வரி இல்லாமல் இருந்த 1,000 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 12 சதவீதம் வந்தது. ராமேஸ்வரத்தின் பல சின்ன லாட்ஜுகள் அதற்குப் பிறகுதான் அறை வாடகைக்கு ஜிஎஸ்டி போட ஆரம்பித்தன. மூன்று வருஷத்தில் இரண்டு முறை.

"கவனமாக ஒவ்வொன்றாகப் போட்டால் போச்சு" என்பார்கள். நியூயார்க் பங்குச் சந்தையில் வர்த்தகம் செய்த நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனத்தில் 2012 ஆகஸ்ட் 1-ம் தேதி நடந்ததைப் பாருங்கள். எட்டு சர்வர், அவ்வளவுதான். புதிய கோடை ஏழில் போட்டவர்கள் எட்டாவதில் போட விட்டுவிட்டார்கள். போட்டதை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட விதியும் அங்கே இருக்கவில்லை. அந்த ஒரு சர்வரில் கிடந்த பழைய கோடு தானாகவே பங்கு வாங்கி விற்க ஆரம்பித்து, முக்கால் மணி நேரத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். எட்டிலேயே ஒன்று தப்பும் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு முப்பது லாட்ஜில் எத்தனை தப்பும்?

ஏற்கெனவே காப்பிகள் பெருகிவிட்டதா, அதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. மெதுவாகத்தான் வர முடியும். முதலில் யார் யாரிடம் எந்தக் காப்பி ஓடுகிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள், பாதிப் பேரிடம் இதுவே இருக்காது. பிறகு அதிக வசதிகள் உள்ள ஒரு காப்பியை அடிப்படையாக எடுத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், வித்தியாசங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஓரிடத்தில் சரிசெய்து மற்ற இடங்களில் செய்யாத தப்புகள்: அவற்றை எல்லாருக்கும் கொண்டுபோய்விடுங்கள். உண்மையிலேயே தொழிலில் உள்ள வேறுபாடு, அதாவது 24 மணி நேரமா மதியம் 12 மணியா என்பது போல: அதை ஒரு செட்டிங் ஆக்குங்கள், ஓனரே மாற்றிக்கொள்ளலாம். யாரோ எப்போதோ கேட்டு இப்போது யாரும் தொடாத விஷயங்கள்: கவுன்டரில் உட்காருகிறவரிடம் கேட்டுவிட்டு எடுத்துவிடுங்கள். ஓனரிடம் கேட்டால் எல்லாமே வேண்டும் என்பார்.

வரியைக் கோடில் எழுதவே கூடாது. எந்தத் தேதி முதல், எந்த வாடகை வரை, எத்தனை சதவீதம் என்று ஒரு அட்டவணையில் இருக்கட்டும், போட்ட பில்லில் அன்றைய விகிதமும் தொகையும் அப்படியே சேமிப்பாகட்டும். விகிதம் மாறும்போது அறை கொடுத்த நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் மூன்றையும் வைத்துத்தான் எந்த விகிதம் என்று சட்டம் தீர்மானிக்கிறது, அதனால் மூன்று தேதியையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். பல காப்பிகளில் பில் தேதி ஒன்றுதான் இருக்கிறது.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெட்டுவிடும் என்கிற பயம் நியாயமானது. அதற்கு ஒரே மருந்து பழைய பில்கள். ஒவ்வொரு லாட்ஜிலிருந்தும் சிக்கலான பில்களாகப் பார்த்துக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: பாதி நாள் தங்கியது, டிரைவர் ரூம் வந்தது, தள்ளுபடி கொடுத்தது, முன்பணம் அதிகமாகித் திருப்பிக் கொடுத்தது. கோடை மாற்றும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரே அத்தனை பில்லையும் திரும்பப் போட்டு, பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். ஒத்துப்போனால் ஒரு லாட்ஜில் போடுங்கள், இருப்பதிலேயே சின்ன லாட்ஜில், மாசக் கடைசி இல்லாத நாளில். அங்கே ஒரு வாரம் ஓடியதும் அடுத்தது. திரையின் ஓரத்தில் வெர்ஷன் எண் தெரியட்டும், போனில் கூப்பிடுகிறவர் முதலில் அதைத்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

வருகிற புது வாடிக்கையாளர் "எனக்கு மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுங்க" என்று கேட்டால் மாற்றிக் கொடுங்கள், காசும் வாங்குங்கள். காப்பி மட்டும் எடுக்காதீர்கள்.

பேக்கப் இருக்கிறது என்று சொல்வது

இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். அதிலிருந்து கடைசியாக எப்போது திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள் என்றால் அமைதி. கோடு சேமித்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31-ம் தேதி, ஓடிக்கொண்டிருந்த முதன்மை டேட்டாபேஸை ஒரு பொறியாளர் தவறுதலாக அழித்துவிட்டார். பேக்கப்புக்குப் பல வழிகள் வைத்திருந்தார்கள். தினசரி பேக்கப், வெர்ஷன் பொருந்தாமல் பல நாளாகத் தோற்றுப்போய்க்கொண்டிருந்தது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கரண்ட் போவதும், கம்ப்யூட்டரில் தண்ணீர் ஏறுவதும் புதிதில்லை. மாதம் ஒரு நாள், வேறு ஒரு கம்ப்யூட்டரில் பேக்கப்பை ஏற்றி, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பேக்கப் இருக்கும் டிஸ்க் அதே மேஜைக்கு அடியில் இருக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் வாய்ஸில் வந்ததை அப்படியே செய்வது

மீன் கம்பெனிக்காரர் ஏலம் நடக்கிற இடத்தில் நின்றுகொண்டு வாய்ஸ் அனுப்புவார், பாதி இரைச்சல். கேட்டதை இரண்டு வரியில் எழுதி "இதானே அண்ணே கேட்டீங்க?" என்று திருப்பி அனுப்புங்கள். ஒரு எடையும் ஒரு விலையும் போட்டு, பில் எப்படி வரும் என்ற உதாரணமும் கூடவே போகட்டும். அவர் உதாரணத்தைத்தான் படிப்பார், தப்பு இருந்தால் அதில்தான் பிடிப்பார்.

தாமதமான வேலைக்குப் புது ஆள் சேர்ப்பது

இன்னும் தாமதமாகும்.

எல்லாம் ஒருவர் தலைக்குள் இருப்பது

அந்த ஒருவருக்கு பெங்களூரிலோ துபாயிலோ வேலை கிடைக்கும், போகத்தான் செய்வார், போவதைத் தப்பு சொல்ல முடியாது. சர்வரில் எப்படிப் போடுவது, எங்கே என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எழுதியது சரியா என்று பார்க்க, கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரை அதைப் பார்த்து அடுத்த வெர்ஷனைப் போடச் சொல்லுங்கள், தெரிந்தவர் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காரட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

வாடிக்கையாளரின் காலண்டரைப் பார்க்காமல் வெளியிடுவது

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முந்தின வாரம் லாட்ஜ் பக்கம் எதையும் தொடாதீர்கள். மீன் பக்கத்துக்குக் காலண்டர் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸ் கம்பெனியில் வேலை குறையும், ஓனர்கள் உட்கார்ந்து பேச நேரம் தருவார்கள். பெரிய மாற்றங்களை அந்த இரண்டு மாதத்துக்குள் செய்து, மே கடைசிக்குள் ஒரு கம்பெனியிலாவது போட்டு ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஜூன் 15-ம் தேதிக்கு மேல் அவர்களுக்கு உங்கள் போனை எடுக்கவே நேரம் இருக்காது.