மாரடைப்புக்குப் பிறகு பிரிட்டனில்: ரிஹாப் வகுப்பும் ஹோல்டர் கருவியும்

ஊரில் மாரடைப்பு வந்து வீடு திரும்பியவரைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். இங்கே அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துச் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்கிறார்கள். பிறகு உடற்பயிற்சி வகுப்புக்கு அழைக்கிறார்கள். இதுதான் கார்டியாக் ரிஹாப். என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையில் இலவசம். மாத்திரையைப் போல இதுவும் வைத்தியத்தில் சேர்ந்தது. 'நடந்தால் போதாதா' என்று விட்டுவிடாதீர்கள்.

வார்டிலிருந்து கிளம்பும் முன்பே 'ரிஹாப்புக்குப் பெயர் கொடுத்தாயிற்றா' என்று தாதியிடம் கேளுங்கள். கடிதம் பழைய முகவரிக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி அழைப்பு எண் காட்டாமல் வரும், நாம் எடுக்கமாட்டோம். இடம் கைநழுவுவது இப்படித்தான். வீடு மாறினால் ஜீபி என்ற குடும்ப மருத்துவரிடமும் ஆஸ்பத்திரியிடமும் தனித்தனியே சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கும் காசு இல்லை, ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு தாம்பத்தியம் பற்றி யார் கேள்வி கேட்பார்கள்?

முதல் நாள் நடைச் சோதனை: ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள், அல்லது 10 மீட்டர் பாதையில் பீப் ஒலிக்கு ஏற்ப நடக்கவிடுவார்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். காலை மாத்திரைகளை வழக்கம்போல எடுத்துவிட்டுப் போங்கள். வயிறு முட்டச் சோறு சாப்பிட்டுப் போகாதீர்கள்.

வகுப்பில் 15 நிமிடம் உடலைச் சூடாக்கவும், கடைசி 10 நிமிடம் தணிக்கவும் வைப்பார்கள். பஸ்ஸைப் பிடிக்க அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் பலர் வெட்டுகிறார்கள். சட்டென்று நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையான பிஸோப்ரலோல் எடுப்பவருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. ஆகவே உச்ச நாடித்துடிப்புக்குச் சொல்லும் '220-இல் வயதைக் கழி' என்ற கணக்கு பொருந்தாது. அதற்குப் பதிலாக எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதை நீங்களே எண்ணால் சொல்லும், 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலைக் காட்டுவார்கள். பெரும்பாலும் 11–14-க்குள் நிற்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பாட்டே பாட முடிந்தால் வேகம் போதாது.

உணவு ஆலோசகர் ரொட்டி, சீஸ் என்று பேசினால் கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் சாப்பிடுவதை நீங்களே சொல்லுங்கள். ஒரு நாளைக்கு உப்பு 6 கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான்.

படபடப்பு இருந்தால் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை உடலில் மாட்டுவார்கள், 24 மணி நேரம் முதல் ஏழு நாள் வரை. அன்று காலை நெஞ்சில் எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் பூசாதீர்கள். பூசினால் ஒட்டிகள் கழன்று பதிவு முழுக்கக் கிறுக்கலாக வரும். முன்பக்கம் திறக்கும் சட்டை வசதி. கருவி மாட்டியபடி குளிக்கலாமா என்று மாட்டுபவரிடமே கேட்டுவிடுங்கள். கூடவே ஒரு தாள் தருவார்கள். 'மாலை 4.10, படி ஏறினேன், படபடப்பு, இரண்டு நிமிடம்' என்று எழுத வேண்டும். நேரம் எழுதாத தாளைப் பதிவோடு பொருத்திப் பார்க்க வழியில்லை.

கைக்கடிகாரத்தில் எடுக்கும் ஈசிஜியை (இதயத்தின் மின் பதிவு) வைத்து மாரடைப்பு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அது ஒரே கோணப் பதிவு. ஆஸ்பத்திரியில் எடுப்பது 12 கோணம். நெஞ்சு வலித்தால் உட்கார்ந்து, மருத்துவர் தந்த, நெஞ்சு வலியைத் தணிக்கும் ஜிடிஎன் ஸ்பிரேயை நாக்கின் அடியில் ஒருமுறை அடியுங்கள். 5 நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னொருமுறை. அதற்குப் பிறகும் 5 நிமிடத்தில் வலி போகாவிட்டால் அவசர எண் 999-ஐ அழையுங்கள். ஸ்பிரே சட்டைப்பையில் இருக்கட்டும். வாசலில் தொங்கும் கோட்டில் வேண்டாம்.